தோட்டா: இல்லை

இந்த ஸ்டேஷனில் நான் ரைட்டர்.
கவிதை எழுதுகிறவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.
வந்தது, போனது எழுதுகிறவள்.

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
ஜெகதளாவிலிருந்து ஹாலன் வருவார்.
கம்பளிக் குல்லா, மஞ்சப்பை.
பைக்குள் துண்டு, துண்டுக்குள்
ராணுவம் கழித்துப் போட்ட கைத்துப்பாக்கிகள் மூன்று.

ஒன்று,
கேரட் விலை ஏறிய வருஷம் கோயமுத்தூர்க் கடையில் வாங்கியது.
பிடியின் அடியில் வளையம், கயிறு கோத்துத் தோளில் மாட்ட.
"மூக்கணாங்கயிறு மேடம். ஓடிப்போயிடக் கூடாதில்ல."
இன்னொன்று,
வெலிங்டனைக் காலி செய்து போன ஒரு மேஜர்
உரிமம் பார்த்து, தேநீர் கொடுத்து, விலை குறைக்காமல் விற்றது.
உடம்பெல்லாம் குத்திய முத்திரைகள், வண்ணான் குறி போல.
எந்தெந்தப் பட்டாளம் உடுத்திக் கழற்றியதோ.
மூன்றாவதன் சுத்தியலுக்குக் கொம்பு கிடையாது.
டாங்கிக்குள் குனிந்து இறங்குகிறவன் சட்டையில்
மாட்டாதிருக்க அப்படியே செய்தார்களாம்.
மொட்டை. ஹாலனுக்கு அதன்மேல்தான் பிரியம்.

உரிம எண், உடல் எண், அடையாளம் எழுதுவேன்.
கடைசிக் கட்டம் தோட்டா.
இல்லை. இல்லை. இல்லை.
ஒன்றுகூட வாங்கியதில்லை மனுஷன்.

"பின்ன எதுக்குங்க இதெல்லாம்?"
அரவங்காட்டு ஃபேக்டரியில் முப்பத்தொரு வருஷம்
மருந்து பிசைந்தவர்.
தீப்பெட்டியைக் கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே போகிற வேலை.
"சமையல்காரன் மேடம் நான்.
எந்த இலையில பரிமாறினாங்கன்னு
ஒருதரம் பார்க்கணும்னு இருக்காதா?"
சாப்பிட்டவர்கள் யார் என்று
கேட்க வாய்வரை வந்தது.
ரசீதில் முத்திரை குத்தினேன்.

ஓட்டு எண்ணி முடிய இரண்டு மாசம்.
இங்கே மூடுபனி பூட்டிய அலமாரிக்குள்ளும் நுழையும்.
முதல் தடவை துரு ஏறியிருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, விரலை மோந்துவிட்டுப் போனார்.
திட்டியிருக்கலாம்.

அடுத்த தேர்தலில்
என் தலைக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயைத் தடவி வைத்தேன்.
சாத்தூர்க்காரிக்குக் குன்னூர்க் குளிர் தெரிந்த லட்சணம்.
திரும்ப வாங்க வந்தவர் குழலுக்குள் எட்டிப் பார்த்தார்:
வெள்ளையாய் உறைந்து
திரி இல்லாத மெழுகுவத்தி.
லாக்கப்பில் தூங்கியவன் எழுந்து உட்காருமளவு சிரித்தார்.

அதற்கடுத்த முறை மஞ்சப்பையில்
தையல் மெஷின் எண்ணெய் ஒரு குப்பி கூட வந்தது.
அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

பிறகு சட்டம் மாறியது. ஒருவருக்கு இரண்டுதான்.
பிள்ளையைக் கொடுப்பது போல என்றெல்லாம்
நான் உவமை சொல்ல மாட்டேன். இரும்பு இரும்புதான்.
ஆனால் முதல் நாள் வந்தவர், போட்டோ மறந்துவிட்டது என்றார்.
இரண்டாம் நாள் பஸ் போய்விடும் என்றார்.
மூன்றாம் நாள்
மொட்டையை எடுத்து மேஜையில் வைத்தார்.

பிரியமானதையா?

"மத்த ரெண்டையும் பார்த்துக்க நான் இருக்கேன்.
இதுக்குத்தான் எண்ணெய் போட
பழகின ஆள் வேணும்."

மேலிடத்துக்கு எழுதினேன்.
எடுத்துப்போக ஆள் வருமென்று பதில் வந்தது, ஆள் வரவில்லை.
நினைவூட்டுக் கடிதம் ஒன்று எழுத வேண்டும்.
எழுதலாம்.

இப்போது மறுபடி தேர்தல்.
இரண்டும் வந்துவிட்டன.
மொட்டைக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று வைத்தேன்.
ஹாலன் வாசலில் நின்று
அலமாரி பூட்டுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.
ரசீதை மடித்துக் குல்லாவுக்குள் செருகிக்கொண்டு கேட்டார்:
"எண்ணிக்கை எப்போ மேடம்?"

"தள்ளிப் போகும்னு பேசிக்கறாங்க."

"போகட்டும்," என்றார்.